புதுப் பவளம்: முதலில் டிப்பா, பழக்குவதா?

நீலப்பெட்டி:
வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன், கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்து எட்டு மாதம். நாளை இரண்டு அக்ரோபோரா (கிளைவிடும் கல் பவளம்) துண்டும் ஒரு ஜோவாந்தஸும் (மென்மையான பவள வகை) வருகின்றன. முதலில் டிப்பா (ஒட்டியிருக்கும் பூச்சிகளை நீக்க மருந்துக் கரைசலில் முக்குவது), தண்ணீருக்குப் பழக்குவதா? கடைக்காரர் இரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கச் சொல்கிறார், எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

உப்புத்தண்ணி:
அதிகம்தான். பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். அப்புறம் உப்பைப் பாருங்கள், ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) தொட்டியில் 1.025, பையில் 1.023 என்றால் அரை மணி நேரம் சொட்டு விட்டால் போதும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், கூடவே அம்மோனியாவின் நச்சும் ஏறும், அதனால்தான் இழுத்தடிக்கக் கூடாது. பிறகு டிப், தனி டப்பாவில், தொட்டித் தண்ணீரில் கலந்து, மருந்து பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் மட்டும். அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

பழைய பாறை:
முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. டிப் பூச்சிகளின் முட்டையைக் கொல்லாது. அதை நம்பித்தான் நான் அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழுவிடம் பாதித் தொட்டியை இழந்தேன். பவளம் ஒட்டி வரும் பிளக்கை (சிறு அடிக்கட்டை) உடைத்து எறியுங்கள், அடித்தண்டில் பழுப்பு முட்டை தெரிந்தால் சுரண்டுங்கள், தனித்தொட்டி இருந்தால் ஐந்தாறு வாரம் அதில் வையுங்கள், வாரம் ஒரு டிப். ஜோவாந்தஸைத் தொட கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும், அதில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் என்ற நஞ்சு விளையாட்டல்ல.

நீலப்பெட்டி:
கண்ணாடி யோசிக்கவே இல்லை! வெளிச்சம்?

உப்புத்தண்ணி:
முதல் வாரம் கீழே, மணல் பக்கம். பிறகு மெல்ல மேலே ஏற்றுங்கள்.