டீ ஃபெக்டரி ட்ரெய்னிங்கை நடுவில் மாற்றலாமா?

உணவுத் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கும் தங்கச்சிக்கு ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் 24 வாரப் பயிற்சி. 14 வாரம் முடிந்தும் பேக்கிங்கில் பை நிறுக்கிற வேலைதான். கொழுந்தை வாட்டுகிற, உருட்டுகிற பக்கம் விடவே இல்லை. ட்ரையரிலிருந்து இறங்கும் தூளில் ஈரப்பதம் 3 சதவீதம் அளவில் நிற்கிறதா என்று ஒருநாளாவது அளந்து எழுதினால்தானே அது பயிற்சி? தினக்குறிப்பேடு முழுக்க "எடை நிறுத்தல், லேபல் ஒட்டுதல்".

ஃபெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டாச்சு, கொழுந்து கூடின நேரம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்கிறார். கல்லூரி இணைப்பாளருக்கு இரண்டு கடிதம் போட்டும் பதிலில்லை. தலவாக்கலையில் இன்னொரு ஃபெக்டரி அவளை எடுக்கத் தயார், ஆனால் கல்லூரிக் கடிதமும் காப்புறுதியும் வேண்டுமாம்.

இப்படி நடுவில் மாறினவர்கள் சொல்லுங்கள்: முடித்த 14 வாரம் கணக்கில் சேருமா, இல்லை முதலிலிருந்து 24 வாரமும் செய்யணுமா?