புதுப்பிப்பு: எட்டுப் பேர் கோல்ஃப் பயணத்தில் புள்ளி முறைதான் கைகொடுத்தது

வெவ்வேறு ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; திறன் குறைந்தவருக்கு அதிகம்) கொண்ட எட்டு நண்பர்கள் வெளிநாட்டுக் கோல்ஃப் பயணத்தில் நியாயமாகப் போட்டியிடுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மொத்த அடிகளை எண்ணாமல், குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஆடச் சொன்ன யோசனையே பலித்தது. அடிச்சலுகையை (ஹேண்டிகேப்படி கழித்துக்கொள்ளும் அடிகளை) நீக்கியபின் பார் (அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடி எண்ணிக்கை) எடுத்தால் 2 புள்ளி, ஓர் அடி குறைந்தால் 3, ஓர் அடி கூடினால் 1, அதற்கு மேல் எத்தனை கூடினாலும் 0 என்பதால், மணற்குழியில் ஐந்து முறை அடித்தும் பந்தை வெளியே எடுக்க முடியாத நண்பர், அந்தக் கோல்ஃப் குழிக்கான ஆட்டத்தைக் கைவிட்டு அடுத்த குழிக்கு உற்சாகமாகவே நடந்தார்.

எதிர்பாராத ஒன்று: மைதானத்துக்கு மைதானம் அடிச்சலுகை மாறுகிறது. என் ஹேண்டிகேப் 18, ஸ்லோப் மதிப்பு (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்; 113 என்பது அடிப்படை) 138 உள்ள மைதானத்தில் அதை 138/113 ஆல் பெருக்க, 22 ஆனது (அங்கே மைதான மதிப்பும், அதாவது ஹேண்டிகேப் 0 உள்ளவர் எடுக்கக்கூடிய அடிகளும், மைதானத்தின் மொத்தப் பாரும் சமம், இல்லையெனில் அந்த வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும்). இறுதியில் இருவர் சமநிலையில் நின்றதால், கடைசி ஒன்பது குழிகளின் புள்ளிகளைக் கொண்டு வெற்றியாளரை முடிவு செய்தோம்.