தோள்பையின் பட்டை பசை விட்டு எழும்புகிறது: எந்தப் பசைக்கு மாறலாம்?

முதல்தையல்:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாகத் தோல் வேலை பழகி வருகிறேன். பர்ஸ், பெல்ட் எல்லாம் தைத்த பிறகு தைரியம் வந்து, ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்கு ஒரு பெரிய தோள்பை தைத்துக் கொடுத்தேன். தினமும் மடிக்கணினி, திருத்தவேண்டிய நோட்டுகள், தண்ணீர் பாட்டில் என்று ஐந்து கிலோவாவது அதில் போகும். இரண்டு மாதம்தான் ஆகிறது. நேற்று பையை வாங்கிப் பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது.

பட்டையின் அடியைப் பையின் வெளிப்பக்கம் ஒட்டி, சுற்றிலும் தைத்திருந்தேன். அந்த அடி மேல் விளிம்பில் பசை விட்டு எழும்பி நிற்கிறது. நகம் உள்ளே போகிறது. மேல் வரிசைத் தையலில் இரண்டு துளைகள் நீண்டு, ஒன்றோடு ஒன்று சேரப்போகின்றன. உள்ளே பருத்தித் துணி லைனிங், பை வளையும் இடத்தில் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது. அடிப்பாகமும் தொட்டில் மாதிரி தொங்கிவிட்டது.

பயன்படுத்தியது: பழுப்பு நிறப் பசுத்தோல், 1.4 மி.மீ. பட்டைக்கு அதே தோல் இரண்டு அடுக்கு. தோலுக்குத் தோல் ஒட்ட மஞ்சள் நிறக் கான்டாக்ட் சிமென்ட், லைனிங்குக்கு வெள்ளைப் பசை. நூல் 1 மி.மீ. மெழுகு நூல், துளை இடைவெளி 3 மி.மீ. இதைவிட வலுவான பசை எது? எபாக்ஸிக்குப் போகலாமா?

கத்திமுனை:
பட்டை அடிக்கு மட்டும் சூப்பர் குளூ இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். எனக்கு ஒருமுறை சாவிக்கொத்துத் தோலில் நன்றாகவே பிடித்தது.

மெழுகுநூல்:
கத்திமுனை, சாவிக்கொத்து மடங்காது, பை மடங்கும். சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். தோள்பட்டை அடி ஒரு நாளைக்கு நூறு தடவை வளைகிற இடம், அங்கே அது பொடிந்துபோகும். போதாக்குறைக்கு அது ஊறிய இடத்தில் தோலும் விறைத்து, ஓரத்தில் வெடிக்கும். எபாக்ஸிக்கும் இதே பதில்தான். தோலுக்கு வேண்டியது காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும் பசை. தம்பி ஏற்கெனவே வாங்கியிருப்பது அந்த வகைதான். இருபது வருடமாக நானும் அதே வகையில்தான் ஒட்டுகிறேன்.

தம்பி, பசையை மாற்றும் முன் நான்கு விஷயம் சொல்லுங்கள். தோலை மடித்தால் மடிப்பில் நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் திரும்பி வருகிறதா? பட்டை அடியை ஒட்டிய இடத்தில் பையின் வழவழப்பான மேல்பக்கத்தைச் சுரண்டினீர்களா? பசை தடவி எத்தனை நிமிடம் கழித்து ஒட்டினீர்கள்? எதை வைத்து அழுத்தினீர்கள்?

முதல்தையல்:
ஆமாம் அக்கா, மடித்தால் வெளுக்கும். அந்த அழகுக்காகத்தான் அந்தத் தோலையே எடுத்தேன். மேல்பக்கத்தைச் சுரண்டவில்லை, தெரிந்துவிடுமோ என்று பயம். பசை தடவி மூன்று நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் தடவினேன். விரலால் அழுத்தி, மேலே புத்தகம் அடுக்கி ஒரு இரவு விட்டேன்.

மெழுகுநூல்:
சரி, அது எண்ணெயும் மெழுகும் ஏற்றிய தோல். மடிப்பில் நிறம் மாறுவது உள்ளே இருக்கும் எண்ணெய், மெழுகு நகர்வதால்தான். மெழுகு பூசிய காகிதத்தில் பசை எப்படி நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் என் வார்த்தையை நம்பி எதையும் செய்ய வேண்டாம். மீதித் துண்டு இருக்கும் அல்லவா? 3 செ.மீ. அகலத்தில் இரண்டு நாடா வெட்டி, பையில் ஒட்டிய அதே முறையில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து ஒரு முனையைப் பிடித்து மெதுவாக உரியுங்கள். உரித்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

பசை முழுவதும் ஒரு துண்டிலேயே படலமாக இருந்து, மறு துண்டு துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்தால், சுத்தமாக இருக்கிற பக்கம்தான் குற்றவாளி. அங்கே பசை பிடிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் பசை இருந்து நூல் நூலாக இழுத்தால், பசையை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேறும் முன் மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம். தோலின் நாரே பிய்ந்து மறு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால், அதற்கு மேல் எந்தப் பசையும் செய்ய முடியாது. பசை தோற்பதற்கு முன் தோல் தோற்றுவிட்டது.

இரட்டை ஊசி:
மெழுகுநூல் சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் படத்தைப் பார்க்காமலே ஒன்று எனக்குத் தெரிகிறது: இது பசைப் பிரச்சினை பாதிதான், மீதி வடிவமைப்பு.

பசைக்கு இரண்டு விதமாக இழுப்பு வரும். ஒட்டிய இரண்டு தோலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்ப்பது ஒன்று. அப்போது ஒட்டிய பரப்பு முழுவதும் சேர்ந்து தாங்கும். இன்னொன்று வாழைப்பழத் தோலை உரிப்பது போல ஓரத்திலிருந்து பிரிப்பது; அப்போது ஒரு மெல்லிய கோட்டின் மேல்தான் மொத்த இழுப்பும் விழும். எத்தனை நல்ல பசையானாலும் உரிப்புக்குப் பலவீனம்தான்.

இப்போது உங்கள் பையைத் தோளில் மாட்டிப் பாருங்கள். பட்டை நேராக மேலே போவதில்லை. முன் பட்டையும் பின் பட்டையும் தோளை நோக்கி ஒன்றையொன்று சாய்கின்றன. உள்ளே அடைத்த நோட்டுகளோ பக்கங்களை வெளியே தள்ளுகின்றன. ஆக, பட்டை அடியில் இழுப்பு நேராக இல்லை, கோணலாக வருகிறது. அந்தக் கோணல் இழுப்பு முழுவதும் அடியின் ஒரு விளிம்பிலும், அங்கே இருக்கிற மேல் வரிசைத் தையலிலும்தான் போய் உட்காரும். உங்கள் துளைகள் நீண்டதும் சரியாக அங்கேதான்.

அதோடு, இழுப்புக்குக் குறுக்கே 3 மி.மீ.க்கு ஒரு துளை, அதில் 1 மி.மீ. நூல், தோலோ 1.4 மி.மீ. தபால்தலைத் தாளில் கிழிப்பதற்குத் துளை போட்டிருப்பார்களே, அதைத்தான் நீங்கள் தோலில் போட்டிருக்கிறீர்கள். துளைக்குத் துளை 4 மி.மீ. விடுங்கள். நூல் 0.8 போதும். பை கிழிவது பெரும்பாலும் நூல் அறுந்து அல்ல, நூல் தோலை அறுத்துத்தான்.

முதல்தையல்:
இரண்டு பேருக்கும் நன்றி. சோதனை செய்துவிட்டேன். பழைய முறையில் ஒட்டிய நாடா, பிடித்து இழுத்ததும் செல்லோடேப் மாதிரி உரிந்து வந்தது. பசை அப்படியே சதைப்பக்கத் துண்டில், அதாவது தோலின் சொரசொரப்பான உள்பக்கம் ஒட்டிய துண்டில், மஞ்சள் படலமாக இருக்கிறது. மேல்பக்கத் துண்டில் ஒரு பொட்டுப் பசை இல்லை, பளபளப்புகூடப் போகவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் நூல் நூலாக இழுத்தது. அப்படியானால் இரண்டு தப்பும் சேர்ந்தே செய்திருக்கிறேனா?

மெழுகுநூல்:
ஆமாம், ஆனால் முதல் தப்புதான் பெரியது. இப்படிச் செய்து பாருங்கள். பட்டை அடியை வைத்து ஓரத்தை ஊசி முனையால் லேசாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே விட்டு, 80 எண் உப்புத்தாளாலோ கத்தி முனையாலோ பளபளப்புத் தோலை எடுத்துவிடுங்கள். நார் வெளுப்பாகத் தெரிய வேண்டும், தொட்டால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்க வேண்டும். அந்த 1 மி.மீ. ஓரம் இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. அப்புறம் தூசியைத் தட்டி, சுரண்டிய இடத்தை மட்டும் அசிட்டோன் நனைத்த துணியால் இரண்டு முறை ஒற்றி எடுங்கள், எண்ணெய் கொஞ்சம் இறங்கும். வெளியே பட்டால் சாயம் போய்விடும், கவனம்.

முதல் பூச்சு மெல்லியதாக. அது நாருக்குள் ஊறிப் போவதற்கு, ஒட்டுவதற்கு அல்ல. காய்ந்ததும் இரண்டாம் பூச்சு. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். ஈரப்பதத்தைப் பொறுத்து நேரம் மாறும், அதனால் கடிகாரத்தை நம்ப வேண்டாம், விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டுவது போல இருக்க வேண்டும், விரலில் எதுவும் வரக்கூடாது. அதுதான் பதம். பிறகு ஒட்டிவிட்டுச் சுத்தியலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போங்கள். இந்த வகைப் பசைக்கு இரவு முழுக்கப் புத்தகம் அடுக்குவதைவிட அந்த ஒரு நிமிடத்து அடிதான் முக்கியம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஜன்னல் திறந்து, காற்று வெளியே போகும்படி உட்கார்ந்து ஒட்டுங்கள். அடுப்போ மெழுகுவத்தியோ பக்கத்தில் வேண்டாம். சில பசைகளில் கரைப்பானாக வரும் ஹெக்சேன் நாள்பட மூச்சில் போனால் கை கால் நரம்பைக் கெடுக்கும். செருப்புத் தொழிலாளர்களிடம்தான் அந்த நோய் பரவலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. விரல் நுனி மரத்துப்போனால் ஊசி பிடிக்க முடியாது தம்பி.

தொட்டில்பை:
லைனிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. கொப்புளத்துக்குக் காரணம் வெள்ளைப் பசை அல்ல. மேசையில் தட்டையாக வைத்து முழுப் பரப்பிலும் ஒட்டியிருப்பீர்கள். பை வளையும்போது உள்சுற்று வெளிச்சுற்றைவிடச் சின்னது. தோலும் துணியும் சேர்ந்து 2 மி.மீ. தடிமன் என்றால், 90 பாகை வளைவுக்கு உள்முகத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. துணி அதிகமாகிவிடும். அந்த 3 மி.மீ. எங்கே போகும்? கொப்புளமாகத்தான் நிற்கும்.

லைனிங்கைத் தனிப் பையாகத் தைத்து உள்ளே தொங்கவிடுங்கள், வாய் விளிம்பில் 1 செ.மீ. மட்டும் ஒட்டினால் போதும். முழுதாக ஒட்டியே ஆகவேண்டும் என்றால், தோலை வளைத்துப் பிடித்த நிலையில் ஒட்ட வேண்டும். துணிக்குப் பதில் பி.வி.சி. ரெக்சின் போடுகிற எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ரெக்சின் விறைக்காமல் இருக்கச் சேர்க்கும் மென்மையாக்கி அதிலிருந்து மெதுவாகக் கசிந்து, உங்கள் மஞ்சள் பசையைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். அதற்குப் பாலியூரித்தேன் பசைதான் சரி.

முதல்தையல்:
அப்படியே மேசையில் வைத்துத்தான் ஒட்டினேன்! அடிப்பாகம் தொங்கியதற்கும் ஏதாவது சொல்லுங்கள். அடியில் அட்டை வைத்திருந்தேன்.

இரட்டை ஊசி:
அட்டை ஈரம் இழுத்து மெத்தென்று ஆகிவிடும். 1.5 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் தகடு வைத்து, நான்கு ஓரமும் 3 மி.மீ. குறைத்து, மூலைகளை வட்டமாக்கிப் போடுங்கள். கூர் மூலை இருந்தால் உள்ளிருந்தே தோலைத் தேய்த்துவிடும்.

ஆனால் பையின் அடித்துண்டைத் தோலின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டினீர்கள்? வயிற்றுப் பகுதி என்றால் என்ன தகடு வைத்தாலும் சுற்றிலும் தொய்யும். வாங்கிய தோலில் முதுகெலும்புக் கோடு எங்கே என்று முதலில் பாருங்கள். அதை ஒட்டிய பகுதி இறுக்கமாக, நார் நெருக்கமாக இருக்கும். பட்டையை அந்தக் கோட்டுக்கு இணையாக வெட்டினால் குறைவாக நீளும். தெரியாவிட்டால் கையால் இழுத்துப் பாருங்கள், கை சொல்லிவிடும். வயிற்றுப் பகுதியை உள்பைக்கும் சாவிக்கொத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பட்டை அடிக்கு என் யோசனை: வெளியே ஒட்டுவதை விட்டுவிடுங்கள். பையின் வாயைச் சுற்றி உள்ளே 5 செ.மீ. அகலத்தில் ஒரு தோல் பட்டி கொடுத்து, தோள்பட்டையின் அடியை வெளித்தோலுக்கும் அந்தப் பட்டிக்கும் நடுவில் செருகுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு தோல் பின்னால் நின்று தாங்கும், உரிவதற்கு ஓரமே இல்லை. உள்ளே போகும் முனையை ஓரம் நோக்கிப் பாதித் தடிமனுக்குச் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே மேடு தெரியும். தையலின் நீள வரிகள் இழுப்பின் திசையில் போகட்டும். குறுக்கு வரி கீழே ஒன்று மட்டும் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு துளை திரும்பித் தைக்க மறக்க வேண்டாம்.

முதல்தையல்:
அடித்துண்டு வயிற்றுப் பகுதிதான். மீதியைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். புதிய பை அப்படித் தைக்கிறேன், ஆனால் இந்தப் பையைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? அக்கா இதையேதான் கேட்கிறாள், வேறு வேண்டாம் என்கிறாள்.

மெழுகுநூல்:
காப்பாற்றலாம். பட்டை அடியைப் பிரித்து எடுங்கள். நீண்ட துளைகளின் பின்னால், உள்பக்கம், 1 மி.மீ. தோல் துண்டு ஒன்றை எல்லாத் திசையிலும் 2 செ.மீ. கூடுதலாக இருக்கும்படி ஒட்டுங்கள். வெளியே பழைய துளைகள் முழுவதும் மறையும்படி பட்டை அடிக்குக் கொஞ்சம் பெரிய புதிய துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இலை வடிவில் கீழே நீளமாக வந்தால் அழகாகவும் இருக்கும், பிடிமானமும் கூடும். பழைய துளைகளில் தைக்காதீர்கள். பையின் அடியில் தகட்டுக்கு வெளியே நான்கு உலோகக் கால் போட்டால் தொய்வு தெரியாது.

முதல்தையல்:
பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி ஒட்டிய நாடாவை முதலில் உரித்துப் பார்த்தேன். உரியவில்லை. இடுக்கியால் பிடித்து இழுத்ததில் தோல் நார் பஞ்சு மாதிரி பிய்ந்து வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பையில் கை வைத்தேன். இலை வடிவ அடி, பின்னால் ஒட்டுத்துண்டு, 0.8 நூல், 4 மி.மீ. இடைவெளி. லைனிங்கைப் பிய்த்துத் தனிப் பையாகத் தைத்துவிட்டேன். எட்டு கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துக் கதவுக் கொக்கியில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். அடியின் மேல் விளிம்பில் நகத்தை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. இன்று காலை அக்கா நோட்டுகளோடு எடுத்துப் போய்விட்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். விளிம்பை மெழுகு போட்டு எவ்வளவு தேய்த்தும் மினுமினுப்பு வரவில்லை, பஞ்சு பஞ்சாகவே நிற்கிறது.

இரட்டை ஊசி:
வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம் உப்பில் பதனிட்ட தோல். சந்தேகம் இருந்தால் நகக்கண் அளவு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது சுருண்டு சுருங்கும், நல்ல குரோம் தோல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். குரோம் தோலின் விளிம்பு தேய்த்தால் இறுகாது. அதற்கு விளிம்புச் சாயம்தான். மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் 400 எண் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் பூசுங்கள்.