மேடையில பாடி ஜெயிலுக்குப் போனவரு பெருசா, மேடையை விட்டு எறங்குனவங்க பெருசா?

திருமங்கலத்தான்:
எங்க ஊர்ல தியாகி விஸ்வநாததாஸுக்கு நினைவு இல்லம் இருக்கு, பஸ்ல தாண்டிப் போறவய்ங்கள்ல பாதிப்பேருக்கு அவரு யாருன்னே தெரியாது. சிவகாசில பொறந்து இங்க வாழ்ந்த ராஜபார்ட், நாடகத்துல கதாநாயக வேசங்கட்டுறவரு. வள்ளி திருமணம்னாலே தினைப்புனத்துல பறவ வெரட்டுற கததான, அதுல வெள்ளைக் கொக்கு பறக்குதடின்னு எடுத்து விடுவாரு, எந்தக் கொக்குன்னு கடைசில துண்ட விரிச்சு உக்காந்திருக்கவனுக்கும் புரியும், போலீசுக்கும் புரியும். வெள்ளைக்காரன் ஆட்சில 29 தடவ ஜெயில். 1940 டிசம்பர் 31, மெட்ராஸ்ல முருகன் வேசத்துல மயில் மேல உக்காந்து பாடும்போதே உசுரு போச்சு. இப்ப உள்ள ஹீரோக்களுக்குப் பட ரிலீசுக்கு மொத வாரம்தான் விவசாயி ஞாபகமே வருது. நடிகன்னா அவரு ஒருத்தர்தான்யா.

செல்லூர்க்காரன்:
ஒருத்தர்தானா? கே.பி. ஜானகியம்மாள விட்டுட்டீகளேண்ணே. மதுரைக்காரங்க, நாடக மேடைல பேரெடுத்தவங்க. கைதட்டு வாங்கிக்கிட்டே காலத்த ஓட்டிருக்கலாம்ல, அத விட்டுட்டு காங்கிரஸ், அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சின்னு எறங்கி ஜெயிலுக்கும் போனாங்க. 1967ல மதுரை கிழக்கு எம்எல்ஏ. தாஸ் ஐயா பாடுனாரு சரி, ஜனங்க எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாய்ங்க. இவங்க அந்த வீட்டுக்கே போனாங்க.

திருமங்கலத்தான்:
ஏப்பா, "பாடுனாரு சரி"யா? மைக் இல்லாத காலத்துல விடிய விடிய கத்திப் பாடிட்டு வெலங்கோட போறது லேசா?

ஆர்மோனியம் வீட்டுப் பய:
ரெண்டு பேரும் வேசங்கட்டுனவங்களப் பத்தியே பேசுறீக. எங்க தாத்தா ஸ்பெசல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவரு. அதுல கம்பெனி கெடையாது, ஒத்திகை கெடையாது, ராஜபார்ட் ஒரு ஊரு ஸ்திரீபார்ட் ஒரு ஊரு பபூன் ஒரு ஊருன்னு ராத்திரி வந்து எறங்கி அப்டியே ஆடுறது. மழையோ தகராறோ, பாதில நின்னா சம்பளமும் பாதிதான், சில ஊர்ல அதுவும் இல்ல. ராஜபார்ட்ட போலீசு தூக்குனா அவருக்குத் தியாகிப் பேரு, மிருதங்கக்காரன் வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுச்சான்னு எவனாவது கேட்டீகளா? பாட்டுல பாதிக்கு மேல எழுதிக் குடுத்த மதுரகவி பாஸ்கரதாஸையும் ஒருத்தரும் சொல்லல.

செல்லூர்க்காரன்:
பாஸ்கரதாஸ் விசயம் கரெக்ட்டு, ஒத்துக்கிறேன். ஆனா "பாதிக்கு மேல"ன்னு எண்ணிப் பாத்தியா மாப்ள?

ஆர்மோனியம் வீட்டுப் பய:
எண்ணல. கொக்குப் பாட்டு அவருதுதான், அது போதும்.

திருமங்கலத்தான்:
சம்பளக் கணக்கு நெசந்தான் தம்பி, எனக்கு அது தோணவே இல்ல. ஆனா ஒண்ணு. தாஸ் ஐயா முடிதிருத்துற சமூகம். மேடைல முருகான்னு கும்புட்டவய்ங்க இருக்க, அவருக்கு ஜோடியா வள்ளி வேசம் போட மாட்டோம்னு நடிகைங்களே ஒதுங்குன காலம் அது. கூட நிக்கிறதுக்கே ஆள் இல்லாதவரு யாரு சம்பளத்தப் பாப்பாரு?

செல்லூர்க்காரன்:
அண்ணே, அப்ப கூட நின்னு நடிச்சது யாருன்னு தெரியும்ல?

திருமங்கலத்தான்:
யாரு?

செல்லூர்க்காரன்:
ஜானகியம்மா.

திருமங்கலத்தான்:
அட. இதக் கடைசிலயா சொல்லுவ?