புதுப்பிப்பு: பழைய காரில் பெட்ரோல் அதிகம் குடித்த பிரச்சினை தீர்ந்தது, காரணம் தெர்மோஸ்டாட்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார், ஏசி போடாமலே மதுரை ஊருக்குள் லிட்டருக்கு 11 கிலோமீட்டரைத் தாண்டவில்லை என்று கேட்டிருந்தேன்.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டயர் காற்று எல்லாம் பார்த்தாயிற்று. பெரிய மாற்றம் இல்லை. ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன், "ஓபிடி ஸ்கேனர் (காரின் கணினியில் உள்ள அளவுகளைப் படிக்கும் கருவி) மாட்டி, வண்டி ஓடும்போது கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. மேலூர் நான்கு வழிச்சாலையில் சீராகப் போகையில் 70 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. 90ஐ ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கணக்குப் போட்டு, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

எதிர்பாராதது இதுதான்: தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு; அது இருக்க வேண்டிய ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! முன்பு யாரோ கழற்றியிருக்கிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு அதன் சூடு வேண்டும்.

கழற்றியதற்கு ஒரு காரணம் இருக்குமே என்று தேடினோம். ரேடியேட்டர் ஃபேன் ரிலே (ஃபேனை ஓடவைக்கும் மின் சுவிட்ச்) சரியாக வேலை செய்யவில்லை. அதனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, அதைக் குறைக்கத்தான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருப்பார்கள் போல. ரிலேயையும் மாற்றி, புது தெர்மோஸ்டாட், கேஸ்கட் போட்டு, கூலண்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றினோம். டேங்க் நிரப்பி அளந்ததில் இப்போது ஊருக்குள் 13, மேலூர் சாலையில் 17.