குகை வீட்டில் தங்கியவர்கள் இருக்கிறீர்களா?

செந்தூல் தங்கை:
இத்தாலி மத்தேராவுக்கு அம்மாவோடு போய் வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. ஒரு விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நாங்கள் தங்கியது பாறையைக் குடைந்த அறை. விடுதிக்காரர் சுவரோரம் இருந்த கல்தொட்டியைக் காட்டி, "கோவேறு கழுதைக்குத் தீனி போட்ட இடம். குடும்பமும் இதே அறையில்தான் படுத்தது" என்றார். "அவங்கல்லாம் எங்கே போனாங்க?" என்று அம்மா கேட்டதும் அவர் சொன்னார். 1952-இல் சட்டம் போட்டு, கிட்டத்தட்ட 15,000 பேரை ஊருக்கு வெளியே குடியேற்றினார்களாம். அம்மா சுவரில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அம்மா மலேசியாவில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. விளக்கை அணைத்த பிறகு இருட்டில் சொன்னார்: "நம்ம லயத்தை விட்டு வச்சிருந்தா, அங்கேயும் ஒரு ராத்திரி காசு குடுத்தாவது படுத்துட்டு வந்திருப்பேன்."

பூச்சோங் அண்ணன்:
தங்கச்சி, அம்மாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மத்தேரா குகைகளில் மலேரியா, கைக்குழந்தைச் சாவு, ஆடுமாடோடு ஒரே அறை. வெளியேற்றியபோது லா மார்த்தெல்லா போன்ற புதுக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்தார்கள். துண்டாடலில், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, நம் ஆட்களுக்கு யார் கட்டிக் கொடுத்தார்கள்? என் தாத்தா ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கி நடந்தார். நான் தங்கியது துருக்கி கொரேமேயில். அது எரிமலைச் சாம்பல் இறுகிய கல், நகத்தால் சுரண்டினாலே உதிரும். காலையில் தலையணை முழுக்க மாவு போலத் தூசி. நினைவில் நிற்பது அதுதான்.

பட்டர்வொர்த் அக்கா:
நான் மத்தேராவில் ஒரே இரவுதான். காயப் போட்ட துணி காலையிலும் ஈரமாகவே இருந்தது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கவனியுங்கள். பத்துமலை 272 படி ஏறியவர்தானே என்று நினைக்காதீர்கள். அங்கே ஒரு தடவை ஏறி இறங்கினால் முடிந்தது, இங்கே பசியாறப் போகவும் படி, திரும்பவும் படி. கார் பல இடங்களில் வாசல் வரை வராது, அதனால் பெரிய பெட்டி வேண்டாம், முதுகுப் பை போதும். பாரி நகரில் இறங்கிச் சின்ன ரயிலில் போகலாம். அறை எடுக்கும் முன் சன்னல் இருக்கிறதா, ஈரம் உறிஞ்சும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் உள்ளறை வேண்டவே வேண்டாம், வாசல் பக்க அறை கேளுங்கள். கோடையிலும் உள்ளே குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை வையுங்கள். முட்டிவலித் தைலமும்.

செந்தூல் தங்கை:
நன்றி அக்கா. அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வீடு கொடுத்தது நல்லது என்றார். அப்புறம், "அவங்க கோயில் என்ன ஆச்சு?" என்று கேட்டார். பாறையில் குடைந்த தேவாலயங்கள் அந்தப் பக்கம் 100-க்கும் மேல் இருக்கின்றன, சுவர் ஓவியம்கூடப் பலவற்றில் அழியவில்லை என்றேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.