தாய்மாமன் அனுப்பும் கைக்கடிகாரம்: சுங்கத்துக்கு உண்மை விலையை எழுதுவதா, குறைத்து எழுதுவதா?

பெருந்துறைக்காரன் — 14.09.2024

வரும் தை மாதத்தில் என் மகனுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். பையனின் தாய்மாமன், அதாவது என் மைத்துனர், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறார். விடுப்புக் கிடைக்காததால் நேரில் வந்து சீர் செய்ய முடியவில்லை என்ற வருத்தத்தில், மருமகனுக்கு ஒரு நல்ல கைக்கடிகாரமாவது தன் கையால் வாங்கி அனுப்பவேண்டும் என்று நினைக்கிறார். அவர் பார்த்து வைத்திருப்பது ஷ்ராம்பெர்க் ஊரில் செய்யப்படும் யுங்ஹான்ஸ் தானியங்கிக் கடிகாரம். அந்நாட்டின் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து 1,190 யூரோ. பெட்டியின் மேல் "பரிசு, 40 யூரோ" என்று எழுதி அனுப்பினால் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பரிசுக்குத் தீர்வையே கிடையாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி என்று அனுபவம் உள்ளவர்கள் கூறவேண்டும்.

அவிநாசி சாலை — 14.09.2024

அண்ணா, கடந்த 6 ஆண்டுகளில் என் தங்கை எனக்கு மூன்று கடிகாரங்கள் அனுப்பியிருக்கிறாள். மூன்றும் "பரிசு" என்றும் சிறு தொகை என்றும் எழுதப்பட்டு, தடையில்லாமல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இதில் எனக்குக் குற்ற உணர்வு எதுவும் இல்லை, காரணத்தையும் சொல்கிறேன். உங்கள் மைத்துனர் தன் சம்பளத்துக்கு அங்கே வருமான வரி கட்டிவிட்டார். கடையில் 19 சதவீதமும் கட்டப்போகிறார். அதே பொருள் இங்கே வந்து இறங்கும்போது ஏறக்குறைய பாதி விலையை மறுபடியும் தீர்வையாகக் கேட்பது எந்த வகையில் நியாயம்? வணிகத்துக்காக நூறு கடிகாரம் இறக்குகிறவரையும், அக்காள் மகனுக்கு ஒன்று அனுப்புகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தும் சட்டத்துக்கு நான் மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருகூர் ஏஜென்ட் — 15.09.2024

சுங்கத் தரகர் அலுவலகத்தில் 22 ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்தப் பரிசுக் கணக்கை முடித்துவிடுவோம். முன்பு தபாலிலும் கூரியரிலும் வரும் 5,000 ரூபாய் வரையிலான பரிசுகளுக்கு விலக்கு இருந்தது. 2019 டிசம்பர் 12 அன்று வெளியான அறிவிக்கையோடு அந்தச் சலுகை போய்விட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்துகளும் மட்டுமே இன்று பரிசு என்ற பெயரில் தீர்வையின்றி வரலாம். மற்றவை பரிசாகவே இருந்தாலும் முழுத் தீர்வை கட்டித்தான் வரவேண்டும். ஆகவே "பரிசு" என்ற சொல் பெட்டியின் மேல் இருப்பதால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அதைப் பார்க்கும் அதிகாரி பெட்டியைப் பிரிப்பதற்கு அது ஒரு காரணமாகலாம், அவ்வளவுதான்.

இனித் தீர்வைக் கணக்கு. கைக்கடிகாரத்துக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை 2018 பட்ஜெட்டில் 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. அந்தத் தீர்வையின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் தீர்வை சேரும்போது 22 ஆகிறது. பொருளின் மதிப்பையும் இந்த 22-ஐயும் கூட்டி, அந்த 122-இன் மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிப் பொருளுக்கான ஜிஎஸ்டி) விழும். மொத்தம் 43.96 சதவீதம். இது கடை விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்குப் போடப்படுவது.

அவிநாசி சாலைத் தம்பி ஒன்றைக் கவனிக்கவில்லை. உங்கள் மைத்துனர் தானே வாங்கி, தானே பெட்டி கட்டி அனுப்பினால் ஜெர்மனியின் 19 சதவீதம் திரும்பி வராது, ஏனென்றால் அவர் அங்கே குடியிருப்பவர். ஆனால் கடையே நேராக இந்தியாவுக்கு அனுப்பினால் அது ஏற்றுமதி. அந்த வரி இல்லாமல் 1,000 யூரோவுக்கு இன்வாய்ஸ் போடக் கடைக்கு இடமுண்டு. கூலியும் காப்பீடும் 50 யூரோ என்றும், ஒரு யூரோ 93 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம் (சுங்கத் துறை அறிவிக்கும் மாற்று விகிதமே உண்மையில் கணக்கில் வரும்). மதிப்பு 97,650 ரூபாய், தீர்வை 42,927 ரூபாய், ஆக 1,40,577 ரூபாய். ஒரே பொருளுக்கு இரண்டு நாட்டு வரி என்று தம்பி சொல்வது, அனுப்பும் வழி தெரியாமல் அனுப்புகிறவர்களுக்கு மட்டுமே நேர்வது.

அவிநாசி சாலை — 15.09.2024

ஐயா, கணக்குக்கு நன்றி. இருந்தாலும் 42,927 ரூபாய் என்பது எங்கள் ஊரில் ஒரு குடும்பம் இரண்டு மாதம் பிழைக்கும் தொகை. இந்த 20 சதவீதம் யாரைக் காப்பாற்ற? மத்திய அரசு நிறுவனமான எச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016-இலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. தொழிற்சாலையை மூடிய இரண்டாவது ஆண்டில் தீர்வையை இரட்டிப்பாக்கியதன் பொருள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இன்னொன்று: ஐரோப்பாவோடு இவ்வாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடிகாரத் தீர்வை நீங்கப்போகிறது என்று செய்தி வந்ததே. நாளை நீங்கப்போகும் தீர்வையை இன்று ஏன் கட்டவேண்டும்?

திருப்பூர் நூல் — 16.09.2024

எச்எம்டி மூடியது உண்மை. ஆனால் கடிகாரத் தொழில் அதோடு முடிந்துவிடவில்லை. நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் ஓசூரில் இன்றும் நடக்கிறது. அதை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தொழிலுக்கு 20 சதவீதம் அதிகமா, சரியா என்று பேசலாம். நானே அதிகம் என்று நினைக்கிறவன்தான்.

ஆனால் தீர்வை தவறு என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீதம் விதித்தார்கள். கோவையிலும் திருப்பூரிலும் அதனால் நூல் விலை எந்த அளவுக்கு ஏறியது, எத்தனை விசைத்தறியும் பின்னலாடைக் கூடமும் தவித்தன என்பது இங்கே படிக்கும் பாதிப் பேருக்குத் தெரியும். சங்கங்கள் மனுமேல் மனு கொடுத்தன, வேலைநிறுத்தம் செய்தார்கள், டில்லிக்கு நடையாய் நடந்தார்கள். 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு விலக்கு வந்தது. அந்தக் காலத்தில் யாரும் பஞ்சு பேலின் மேல் வேறு பொருளின் பெயரை எழுதி இறக்கவில்லை. இறக்கியிருந்தால், மனு கொடுக்கும் தகுதியே நமக்கு இல்லாமல் போயிருக்கும். பொய் விலை எழுதுகிறவர் தீர்வையை எதிர்க்கவில்லை, தம்பி. அதை மற்றவர்கள் தலையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ஒப்பந்தத்தைப் பற்றி: மார்ச் 10 அன்று கையெழுத்தானது சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளோடு. ஜெர்மனி அதில் இல்லை. அந்த ஒப்பந்தம் 2024 செப்டம்பர் வரை நடைமுறைக்கும் வரவில்லை; வந்தாலும் சுவிஸ் கடிகாரத் தீர்வை ஏழு ஆண்டுகளில் படிப்படியாகத்தான் நீங்கும். அப்போதும் பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதற்கான சான்று வேண்டும். துபாயில் வாங்கினால் அது துபாய்க் கடிகாரம் ஆகிவிடாது.

ஈரோடு கடிகாரப் பழுது — 16.09.2024

நான் ஈரோட்டில் 31 ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்க்கிறேன். விவாதத்தில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்லவேண்டும். தானியங்கிக் கடிகாரம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் இடவேண்டியது. சில பழுதுகளுக்கு அது பிறந்த நாட்டுக்கே போகவேண்டியிருக்கும். என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படித் தன் கடிகாரத்தைச் சாதாரணக் கூரியரில், எந்த ஏற்றுமதிப் பத்திரமும் இல்லாமல் அனுப்பிவிட்டார். பழுது பார்த்துத் திரும்பி வந்தபோது, அது முன்பு இந்தியாவில் இருந்த அவருடைய பொருள்தான் என்பதற்கு அவரிடம் ஒரு தாளும் இல்லை. முழு விலைக்கும் மறுபடி தீர்வை கேட்டார்கள். அவர் என் கடையில் வந்து அமர்ந்து, அந்தக் கூரியர் சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அது அவருடைய தகப்பனாரின் கடிகாரம்.

2017-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் சுங்க அறிவிக்கையின்படி, பழுதுக்காக ஏற்றுமதி செய்து மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பக் கொண்டுவந்தால், பழுதுக் கூலிக்கும் இருவழிப் போக்குவரத்துக்கும் காப்பீட்டுக்கும் மட்டுமே தீர்வை. அதற்கு, போகும்போதே வரிசை எண்ணோடு ஏற்றுமதிப் பத்திரம் பதிவாகியிருக்கவேண்டும். இன்று 40 யூரோ என்று எழுதி உள்ளே வந்த கடிகாரத்தை நாளை ஒரு லட்ச ரூபாய்ப் பொருள் என்று எந்த வாயால் பதிவு செய்வது?

கரூர்–சிங்கப்பூர் — 17.09.2024

யாரிடமாவது கொடுத்துவிடுவதே நல்ல வழி. 2024 நிலவரப்படி, 2016-இன் பயணிகள் உடைமை விதிகளின்கீழ், விமானத்தில் வரும் ஒருவருக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு உண்டு. அதற்கு மேல் உள்ள மதிப்புக்கு 38.5 சதவீதம். ஐஜிஎஸ்டி கிடையாது. கூடவே ஒரு கேள்வி: இங்கே பயன்படுத்திய பழைய கடிகாரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கூரியரில் வாங்கலாமா?

இருகூர் ஏஜென்ட் — 17.09.2024

பழையதை வாங்கிக் கூரியரில் வரவழைக்க வேண்டாம். இயந்திரத் தளவாடம் அல்லாத பழைய பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் உள்ளவை. உரிமம் இல்லாமல் வந்தால், தீர்வை கட்டத் தயாராக இருந்தாலும் பொருள் சிக்கும்.

கையில் கொடுத்துவிடுவது சட்டத்துக்கு உட்பட்ட வழிதான், விமான நிலையத்தில் பில்லோடு அறிவித்தால். கடைவிலை 1,190 யூரோ, அதாவது 1,10,670 ரூபாய். 50,000 போக மீதி 60,670-க்குத் தீர்வை 23,358 ரூபாய். மொத்தம் 1,34,028 ரூபாய். கடை நேராக அனுப்புவதைவிட 6,549 ரூபாய் குறைவு. ஆனால் கொண்டுவருகிறவர் தன் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வாங்கியவையும் அதே 50,000-க்குள் அடங்கவேண்டும். கணவன் மனைவி இருவருடைய விலக்கையும் ஒரு பொருளுக்குக் கூட்டிக்கொள்ளவும் முடியாது. பிறருடைய சலுகையை நாம் செலவழிக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

பெருந்துறைக்காரன் — 18.09.2024

மைத்துனரோடு வேலை செய்யும் சேலத்துக்காரர் ஒருவர் டிசம்பரில் வருகிறார். அவரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கும் ஊரில் இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபின் கேட்க மனம் வரவில்லை. தபாலில் அனுப்பினால் 77 சதவீதம் வரை போகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறாரே, அது உண்மையா?

இருகூர் ஏஜென்ட் — 18.09.2024

பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார். தனிநபர் பயன்பாட்டுக்கென்று வரும் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை அட்டவணையில் 9804 என்று ஒரு தனித் தலைப்பு இருக்கிறது. 2024 நிலவரப்படி அதில் அடிப்படைத் தீர்வை 35, கூடுதல் தீர்வை 3.5, அதன்மேல் ஐஜிஎஸ்டி 28. மொத்தம் 77.28 சதவீதம். தனிநபர் பெயரில் பரிசு என்று எழுதித் தபாலில் வருபவை பெரும்பாலும் இதில்தான் விழுகின்றன. உங்கள் கடிகாரத்துக்கு 75,464 ரூபாய் ஆகும். கடையின் விற்பனை இன்வாய்ஸோடு கூரியரில் வந்து நான் பார்த்தவை கைக்கடிகாரத்துக்கான 9102 என்ற தலைப்பில், அதாவது முன்பு சொன்ன 43.96 சதவீதத்தில், தீர்ந்திருக்கின்றன. ஆகவே இன்வாய்ஸில் "தானியங்கிக் கைக்கடிகாரம், 9102 21, தயாரிப்பு ஜெர்மனி" என்று வரிசை எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டி வருமுன்பே கூரியர் அலுவலகத்திடம் எந்தத் தலைப்பில் பதிவு செய்யப்போகிறார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவான பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அவிநாசி சாலை — 19.09.2024

ஒரே கடிகாரத்துக்கு ஒரு வழியில் 23,000, ஒரு வழியில் 43,000, ஒரு வழியில் 75,000 என்றால், குறைத்து எழுதுகிறவனை மட்டும் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? விவரம் தெரிந்தவன் குறைவாகக் கட்டுகிறான். தெரியாத பாட்டி பேரனுக்கு அனுப்பினால் மூன்று மடங்கு கட்டுகிறாள். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

திருப்பூர் நூல் — 19.09.2024

அதற்குப் பதில் இல்லை, தம்பி. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் நியாயம். வணிகத்துக்கு வருவதைவிட வீட்டுக்கு வருவதற்குத் தீர்வை அதிகம் என்பதை நான் எந்த மேடையிலும் ஆதரிக்கமாட்டேன். மனு எழுதினால் என் கையெழுத்தும் உண்டு. ஆனால் பெருந்துறை அண்ணனுக்கு நீங்கள் சொன்ன வழியில் இருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடவேண்டும். மதிப்பைத் தவறாக அறிவித்த பொருளைச் சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவின்கீழ் பறிமுதல் செய்யலாம், 112-இன்கீழ் அபராதம், பொருளை மீட்க 125-இன்கீழ் மீட்புத் தொகை. தீர்வை இவற்றுக்கு மேல் தனி. பெட்டி வழியில் தொலைந்தால் கூரியர்காரர் தருவதும் எழுதிய 40 யூரோவைத்தான். உங்கள் தங்கை அனுப்பிய மூன்றும் வந்து சேர்ந்தன என்பது மகிழ்ச்சி. ஆனால் தாய்மாமன் சீர் ஒருமுறைதான் வரும்.

அவிநாசி சாலை — 20.09.2024

தொலைந்தால் 40 யூரோ என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்காகப் பெருந்துறை அண்ணன் முழு விலையை எழுதுவதே நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன். தீர்வை நியாயமானது என்று மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பெருந்துறைக்காரன் — 22.09.2024

மைத்துனரிடம் பேசிவிட்டேன். கடைக்காரர் வரி இல்லாமல் 1,000 யூரோவுக்கே இன்வாய்ஸ் போட்டு, முழுக் காப்பீட்டோடு கூரியரில் நேராக அனுப்ப ஒப்புக்கொண்டார். மிச்சமாகும் 190 யூரோவைத் தீர்வைக்கென்று அவரே எனக்கு அனுப்பிவிடுகிறார். தீர்வையும் சீரில் சேர்ந்ததுதான் என்கிறார். மகனுடைய ஆதாரும் பான் எண்ணும் கூரியர் அலுவலகத்துக்குக் கொடுத்தாயிற்று. நவம்பர் முதல் வாரத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஈரோடு கடிகாரப் பழுது — 22.09.2024

கடிகாரம் வந்ததும் இன்வாய்ஸ், தீர்வை கட்டிய ரசீது, பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் புகைப்படம் ஆகிய மூன்றையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து, அவற்றின் நகல்களை வேறோர் இடத்தில் வையுங்கள். மாப்பிள்ளைத் தம்பி வெளிநாடு போகும்போது அதைக் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால், புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது புதிதாக வாங்கியது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.